ஓஆர்டிக்குப் பிறகு சார்ஜன்ட் துரத்த மாட்டார்

முழுநேரத் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) 2 ஆண்டு. அதன் பின்னால் 10 ஆண்டு ரிசர்விஸ்ட் சுழற்சி, அதாவது பணி முடித்தவர்களைப் பயிற்சிக்குத் திரும்ப அழைப்பது; வருடத்துக்கு 40 நாள் வரை கூப்பிடலாம். அதிகாரிகளுக்கு 50 வயது வரையும் மற்றவர்களில் பெரும்பாலோருக்கு 40 வயது வரையும் பொறுப்பு உண்டு. சிங்கப்பூரில் இது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். உள்ளே இருந்தவரை தேதியையும் தாளையும் நினைவுபடுத்த ஒரு சார்ஜன்ட் இருந்தார். ஓஆர்டி, அதாவது முழுநேரச் சேவை முடிந்து வெளியே வரும் நாள், அன்றோடு அந்தத் துரத்தல் நின்றுவிடும். தேதிகள் நிற்காது. எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் தலைவலி முகாமின் ஸ்டோரில். சில பொருட்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சிலவற்றை ரிசர்விஸ்டுக்காக வீட்டில் வைத்திருக்க வேண்டும். எது எந்தப் பக்கம் என்பதை ஸ்டோர் பட்டியல்தான் சொல்லும், அந்தப் பட்டியலும் பையும் ஒத்துப்போகாது. காரணம் எளிது: நடுவில் கிழிந்த பவுச்சைக் கொடுத்துப் புதிதாக வாங்கியிருப்போம், பெல்ட் அளவை மாற்றியிருப்போம். பொருள் கை மாறியிருக்கும், கணினியில் யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள். மாற்றிக் கொடுத்த ஸ்டோர்மேன் நமக்கு முன்பே ஓஆர்டி ஆகிப் போயிருப்பார். இப்போது கவுண்டரில் இருப்பவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "லிஸ்ட்ல இருக்கு ப்ரோ, கையெழுத்தும் உன்னோடதுதான்" என்பார். அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை. கம்பெனியின் (நம் படைப்பிரிவின்) குவாட்டர்மாஸ்டரிடம் போங்கள், பட்டியலைத் திருத்தும் அதிகாரம் அங்கேதான்.

கடைசி மாதத்தில் மிச்ச லீவை எடுத்துத் தீர்ப்பதால், முகாமில் இருக்கும் நாட்கள் நினைப்பதைவிடக் குறைவு. அதனால் இதை லீவு தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும். திருத்திய பட்டியலின் பிரதியை வாங்குங்கள், பொருட்களைத் தரையில் பரப்பி அந்தத் தாளோடு சேர்த்து ஒரு படமும் எடுத்து வையுங்கள். இரண்டாவது, மூன்றாவது ஐசிடியில் (ரிசர்விஸ்ட் பயிற்சி முகாமில்) ஏதோ ஒன்று காணோம் என்று பணம் கேட்டால், அந்தப் படம்தான் வக்கீல்.

பையைக் கட்டும் முன் எல்லாப் பவுச்சுகளையும் வெளிப்புறமாகத் திருப்பிக் கொட்டுங்கள். மேகசின் பவுச்சின் அடி மடிப்பில் ஒரு காலித் தோட்டா உறை ஒளிந்திருக்க இடம் உண்டு. முகாமுக்குள் அது கண்ணில் பட்டால் ஒப்படைத்துவிடலாம். வீட்டு அலமாரியில் கிடைத்தால் அதற்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டும்.

வீட்டில் வைக்கும் பொருட்களில் மோசம் செய்வது பூட்ஸ். பளபளவென்று பாலிஷ் போட்டுப் பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரிக்கு மேல் தூக்கிப் போட்டால், முதல் ஐசிடியின் முதல் நடையிலேயே அடிப்பாகம் கையோடு வந்துவிடும். ஒட்டுப் பசையை மட்டும் குறை சொல்ல முடியாது. அடிப்பாகத்தில் இருக்கும் பாலியூரித்தேன் ஈரக் காற்றில் மெல்ல மெல்லச் சிதைகிறது. போடாமல் வைத்திருந்தாலும் சிதைகிறது, பைக்குள் ஈரத்தோடு அடைத்தால் இன்னும் வேகமாக. விரலால் ஓரத்தை அழுத்தும்போது ரொட்டித் துகள் போல உதிர்ந்தால் அந்த ஜோடி போச்சு. பசை போட்டும் பயனில்லை, ராணுவப் பொருள் கடையான ஈமார்ட்டில் புது ஜோடி எடுங்கள். இந்தச் சோதனையை ஐசிடிக்கு முந்தின இரவு செய்யாதீர்கள். புது பூட்ஸ் காலுக்குப் பழக இரண்டு வாரமாவது வேண்டும். பச்சை உடை இடுப்பில் ஏறுகிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடலாம், பெரும்பாலும் ஏறாது.

தேசிய சேவைக்கான ஒன்என்எஸ் இணையதளக் கணக்கில் கைபேசி எண், முகவரி, வங்கிக் கணக்கு மூன்றையும் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை. செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம். சேவைக் காலத்தில் அப்பா பெயரில் இருந்த லைனை விட்டு வேலைக்குப் போனதும் புது எண் வாங்கியவர்களுக்கு எஸ்ஏஎஃப் 100 அழைப்பாணைச் செய்தி பழைய எண்ணுக்கே போகும். "எனக்கு வரவில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. திறந்த அணிதிரட்டல் (ரிசர்விஸ்டுகளை உடனே வரச் சொல்லிப் பொதுவில் அறிவிப்பது) என்றால் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் குறிச்சொல் வரும். மௌன அணிதிரட்டலில் நம்மைக் கண்டுபிடிக்க அவர்களிடம் இருப்பது நாம் கொடுத்த தொடர்பு விவரம் மட்டுமே.

அடுத்தது வேலையிடம். இங்கேதான் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அழைப்பாணையைக் காட்டியதும் மனிதவளத்தில் இருந்தவர், "ஆனுவல் லீவ்ல போட்டுக்கோங்க" என்றார். போடாதீர்கள். சேவைக்கு அழைக்கப்பட்ட ஊழியருக்கு முதலாளி விடுப்புக் கொடுத்தே ஆக வேண்டும், அதை ஆண்டு விடுப்பில் கழிக்கக் கூடாது, சேவைக்குப் போகிறார் என்பதற்காக வேலையை விட்டு எடுக்கவும் கூடாது. இது தேசிய சேவைக்கான சட்டத்தின் கீழ் வருவது, மனிதவளத்தாரின் கருணை இதில் ஒன்றும் இல்லை. வாய்ப்பேச்சில் வாதாடாமல், அழைப்பாணையை இணைத்து மின்னஞ்சலில் இப்படி எழுதினால் போதும்: "இந்தத் தேதிகளில் ஐசிடி. இதை என்எஸ் விடுப்பாகப் பதிவு செய்யவும். சம்பளம் வழக்கம்போல் வருமா, அரசிடமிருந்து நேரடியாக எனக்கு வருமா என்று உறுதிப்படுத்தவும்." எழுத்தில் போனதும் பதில் மரியாதையாக வந்தது, கழித்திருந்த நாட்களும் திரும்ப ஏறின. அந்த இரண்டாவது கேள்வி முக்கியம். நிறுவனம் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு அரசிடம் திரும்பப் பெறுவது ஒரு வழி, அரசு உங்களுக்கே கொடுப்பது இன்னொரு வழி. எது என்று தெரியாமல் போனால், சம்பளத்தில் துண்டு விழுந்த பிறகுதான் தெரியவரும். சொந்தத் தொழில் செய்பவர்கள் தங்கள் வருமானத்தைக் காட்ட வருமான வரி மதிப்பீட்டுத் தாளைக் கையோடு வைத்திருங்கள்.

தேதி ஒத்துவரவில்லை என்றால் ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம். தேர்வு என்றால் கால அட்டவணை, வெளிநாட்டு வேலைப் பயணம் என்றால் நிறுவனக் கடிதம், திருமணம் என்றால் பதிவுத் தேதி. வெறும் "வேலை அதிகம்" எடுபடாது. அனுமதி வரும்வரை அழைப்பாணை செல்லுபடியாகும் என்பதை மறந்து விமான டிக்கெட் எடுத்தவர்கள் நொந்து போயிருக்கிறார்கள். நீண்ட காலம் வெளிநாட்டில் தங்கப் போகிறவர்களுக்கு நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி (எக்ஸிட் பெர்மிட்) தனி. அது இல்லாமல் தங்கினால் 10,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

உடற்தகுதித் தேர்வான ஐபிபிடி பற்றி நிறையச் சொல்லலாம், ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்: கணக்கு ஜனவரியில் தொடங்காது, உங்கள் பிறந்தநாளில் தொடங்கும். அடுத்த பிறந்தநாளுக்கு முன் ஐபிபிடி தேற வேண்டும், அல்லது 10 என்எஸ் ஃபிட் உடற்பயிற்சி வகுப்புகளை முடிக்க வேண்டும். வாரம் ஒன்று என்றாலே 10 வகுப்புக்கு இரண்டரை மாதம் ஆகும். சனி, ஞாயிறு இடங்கள் முதலில் நிரம்பும். கடைசி மாதத்தில் விழித்துக்கொண்டவர் பதிவுப் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே உட்கார வேண்டியதுதான், அதுவும் முடியாவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை. எனவே முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை ஐபிபிடி எடுத்துப் பாருங்கள். தேறினால் அந்த வருடக் கவலை விட்டது.

ரிசர்விஸ்டுக்குத் தேர்ச்சி 51 புள்ளி, காசு கிடைப்பது 61 முதல்: 61க்கு 200 வெள்ளி, 75க்கு 300, 85க்கு 500. தண்டாலுக்கு 25, சிட்-அப்புக்கு 25, 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 50. பாதிப் புள்ளி ஓட்டத்தில் இருப்பதால் பயிற்சி நேரத்தில் பாதியையாவது ஓட்டத்துக்குக் கொடுங்கள். ஆனால் ஒவ்வொரு நிலையிலும் குறைந்தது 1 புள்ளி வேண்டும். ஓட்டத்தில் பறந்துவிட்டுத் தண்டாலில் பூஜ்யம் வாங்கினால் தோல்விதான். தண்டாலில் கை முழுதாக மடங்கி இறங்காததை எண்ண மாட்டார்கள். வீட்டில் நாற்பது போட்டவருக்கு அங்கே இருபத்தைந்துதான் தேறும். எனவே வீட்டில் எண்ணும்போதே கடுமையாக எண்ணுங்கள், முடிந்தால் வேறொருவரை எண்ணச் சொல்லுங்கள்.