நிறுத்தும் திகதி

நவம்பர் 9
மழை. அம்மாவின் கண் ஒப்பரேஷனைப் பிற்போட்டுவிட்டார்கள்.

நவம்பர் 10
இரவு 10.30க்குக் கூட்டம், சான் பிரான்சிஸ்கோவில் அப்போது காலை 9. எங்கள் கம்பெனியின் பழைய ஏஐ மாடலை இன்னும் 3 வாரத்தில் நிறுத்தப் போகிறார்களாம். மாடலை வைத்துச் செயலி எழுதுபவர்களுக்கு, எதை நிறுத்துவதானாலும் குறைந்தது 6 மாதத்துக்கு முன்பே சொல்வோம் என்று ஜூலையில் எழுதியது நான். இரண்டு மாடலையும் சேர்த்து ஓட்ட ஜிபியூ (மாடலை ஓட்டும் சிப்) செலவு கட்டாது என்கிறார்கள். அந்தக் கணக்கு எனக்கும் விளங்குகிறது. ஆனால் அறிவித்தலின் கீழே இருக்கப்போவது என் பெயர். விடியும்வரை நித்திரை இல்லை.

நவம்பர் 12
கிண்ணியாப் பெடியன் மறுபடியும் எழுதியிருக்கிறான். கடல் வானிலை அறிவிப்பை மீனவர்களுக்குச் சுருக்கிச் சொல்லும் செயலி அவனுடையது, ஓடுவது எங்கள் பழைய மாடலில். "அக்கா, தமிழில் கேட்டால் மட்டும் ஏன் இவ்வளவு டோக்கன் போகுது?"

இருந்து விரிவாகப் பதில் எழுதினேன். டோக்கன் என்பது மாடல் எழுத்தை வெட்டிப் படிக்கும் துண்டு. திருகோணமலை நமக்கு 6 எழுத்து, கணினிக்கு உயிர்க்குறிகளையும் தனியாக எண்ணி 10 குறியீடு, எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 30. ஊரின் ஆங்கிலப் பெயர் 11 எழுத்து, 11 பைட்தான். அதோடு எழுத்தை டோக்கனாக வெட்டும் டோக்கனாக்கியைப் பெரும்பாலும் ஆங்கிலத்தைக் கொடுத்துத்தான் பழக்கியிருக்கிறார்கள், அதனால் ஆங்கிலச் சொல்லை முழுதாக எடுக்கும், தமிழை நொறுக்கும். காசு டோக்கனுக்கு. அதே கேள்விக்கு அவன் கூடக் கட்டுகிறான், இது அநியாயம். எஞ்சினியர்மாருக்கு மூன்றாம் முறையாக எழுதிப்போட்டேன். மேடையில் ஏறிப் பேசுவதைத்தான் என் வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள், இப்படி உள்ளே திரும்பத் திரும்பக் கேட்பதுதான் வேலை.

நவம்பர் 13
வாசலில் மான் நின்றது. அம்மா ஆடு என்றார்.

நவம்பர் 14
கரண்ட் இல்லை.

நவம்பர் 15
ஆவணத்தில் உள்ள மாதிரி நிரல்களைப் புதிய மாடலில் ஒவ்வொன்றாக ஓட்டினேன். இரண்டு உடைகின்றன. அப்புறம் பெடியனின் செயலியில் ஊரின் பெயரைத் தேடினால் அதே பெயர் அகப்படவில்லை. மத்தியானம் முழுக்க அதோடு போனது. பிழை 'கோ'வில். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம், பார்க்க இரண்டும் ஒன்றுதான். எல்லாவற்றையும் என்எஃப்சிக்கு, அதாவது ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும் வடிவத்துக்கு, மாற்ற ஒரு வரி போதும். அந்த ஒரு வரி எங்கள் ஆவணத்தில் எங்கேயும் இல்லை! இன்றைக்கே சேர்த்தேன்.

நவம்பர் 17
பழைய மாடலை எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்று கூட்டத்தில் கேட்டார்கள். எண்ணிக்கையைச் சொன்னேன். சின்னதுதான். அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. வாக்குக் கொடுத்தது எண்ணிக்கை பார்த்து அல்ல என்றேன், குரல் நடுங்கியது. நாளை பார்ப்போம் என்றார்கள்.

நவம்பர் 18
பதில் இல்லை. பின்னேரம் டச்சு பே வரை நடந்தேன், கடல் கொந்தளிப்பு, ஒரு வள்ளமும் போகவில்லை.

நவம்பர் 19
ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து எழுதுகிறேன். திகதி மாறாதாம். அறிவித்தலின் முதல் வரியை நாலு தரம் அழித்துவிட்டேன். "வருந்துகிறோம்" வேண்டாம், "வாக்குத் தவறிவிட்டோம்" என்றுதான் தொடங்க வேண்டும், அதை விடுவார்களோ தெரியாது. பெடியனிடமிருந்து இப்போதுதான் வந்தது: "அக்கா, டிசம்பரில் எனக்குச் சோதனை. அது முடியப் பழசு வேலை செய்யும்தானே?"

அம்மாவைக் கூப்பிடுகிறார்கள்.