மறந்துபோன அரைச்செங்கல் சுவர்

எங்கள் அலுவலகத்தில் சுத்தமாக வேலை செய்கிறவர் யார் என்று கேட்டால் எல்லோரும் அந்தப் பெண்ணைத்தான் காட்டுவார்கள். பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படித்துவிட்டு வந்தவர். அவர் வரைந்த பிளானை மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டால் சைட்டிலிருந்து சந்தேகம் கேட்டு ஒரு போன் வராது. கணினியில் வரைபடம் வரைகிற ஆட்டோகேட் மென்பொருளுக்கான சான்றிதழ்த் தேர்வை அவர் எழுதினார். தோற்றுப்போனார். எங்களிடம் பயிற்சிக்கு வந்து மூன்று வாரமே ஆகியிருந்த ஒரு பையனும் அதே நாளில் எழுதினான். படிக்கட்டுக்கு செக்‌ஷன் வரையத் தெரியாத அவன் தேறிவிட்டான்.

“எனக்குத் தெரிஞ்சதத்தான் சார் செஞ்சேன்” என்று மட்டும் சொன்னார் அவர். அன்று முழுக்க அந்தச் சொல் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தத் தேர்வை நடத்தியது புதுச்சேரியில் உள்ள ஒரு பயிற்சி மையம். கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கிற சின்னச் சின்ன பில்டர் அலுவலகங்களில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இருந்தால் சம்பளம் கொஞ்சம் கூட வரும். மையத்தைத் தொடங்கிய காலத்தில் சில வரைபடங்களை நானும் வரைந்து கொடுத்திருந்தேன். அந்த உரிமையில் நேரே போய்க் கேட்டேன். அவர்கள் கோபப்படவில்லை. கேள்விகளையும் பழைய விடைப் பதிவுகளையும் எடுத்துக் கொடுத்து, “நீங்களே உட்கார்ந்து திருத்திக் கொடுங்க சார்” என்றார்கள். அதன்பிறகு எட்டு மாதம், சனிக்கிழமை ஆனால் கடலூரிலிருந்து பஸ் ஏறிவிடுவேன். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று ஊர்கள் கடந்துபோக, மடியில் கேள்வித்தாள் கட்டு இருக்கும்.

நான் மினி டிராஃப்டரும் டிரேசிங் ஷீட்டுமாகப் பலகையில் கையால் வரைந்து தொழிலுக்கு வந்தவன். அம்மோனியா பிரிண்ட் வாடை இன்னும் மறக்கவில்லை. ஆட்டோகேட் 1982-இல் வெளிவந்தது, எங்கள் கைக்கு வர வெகுகாலம் ஆயிற்று. பலகையிலிருந்து திரைக்கு மாறும்போது எனக்கு யாரும் தேர்வு வைக்கவில்லை. வரைந்ததைக் கட்ட முடிந்ததா என்பதுதான் தேர்வு. அந்தக் கண்ணோடுதான் கேள்விகளைப் படித்தேன்.

முதல் கட்டிலேயே மனசு கனத்துவிட்டது. பரப்பைக் கோடுகளால் நிரப்புகிற ஹேட்ச் எந்த மெனுவில் இருக்கிறது, அளவுகள் எழுதும் விதத்தை அமைக்கிற டைமென்ஷன் ஸ்டைல் எந்த மெனுவில் இருக்கிறது என்று வரிசையாகக் கேள்விகள். 2009 பதிப்பிலேயே மெனுக்களின் இடத்துக்கு ரிப்பன் என்கிற பட்டன் பட்டை வந்துவிட்டது. பழைய கிளாசிக் முகப்பை 2015 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். தினமும் வரைகிறவர் மெனுவைத் தேடுவதில்லை. எச் தட்டி என்டர் கொடுப்பார், வேலை முடிந்துவிடும். அவரிடம் போய் மெனு பெயரைக் கேட்டால் என்ன சொல்வார்?

கோட்டின் வேண்டாத பகுதியை வெட்டுகிற டிரிம் பற்றிய கேள்வி இன்னொரு வகை. ‘டிரிம் கட்டளை கொடுத்ததும் முதலில் செய்ய வேண்டியது எது?’ வெட்டும் விளிம்பைத் தேர்ந்தெடுத்து என்டர் கொடுப்பது என்று விடை போட்டிருந்தது. பல வருடங்களுக்கு அது சரியான விடைதான். 2021 பதிப்பிலிருந்து நிலைமை வேறு. கட்டளை கொடுத்துவிட்டு வெட்ட வேண்டிய கோட்டை நேராகத் தொட்டாலே போதும், அதுதான் இயல்புநிலை. மையத்தில் பயிற்சி அறையில் பழைய பதிப்பு, தேர்வு அறையில் புதிய பதிப்பு. எந்த அறையில் கற்றுக்கொண்டோம் என்பதைப் பொறுத்து ஒரு மதிப்பெண் போனது.

இரண்டு சரியான விடைகள் உள்ள கேள்விகளும் இருந்தன. இரண்டு கோடுகளைக் கூர்மூலையாகச் சேர்க்க எந்தக் கட்டளை என்று கேட்டு ஃபில்லெட் என்று வைத்திருந்தார்கள். ஃபில்லெட் மூலையை வளைவாக்குகிற கட்டளை, ஆரம் சுழியம் கொடுத்தால் கூர்மூலையாகச் சேர்க்கும், சரி. மூலையைச் சாய்வாக வெட்டுகிற சேம்ஃபரும் தூரம் சுழியம் கொடுத்தால் அதையேதான் செய்யும். அது இன்னொரு விடையாகப் பட்டியலிலேயே இருந்தது.

படித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிற தவறுகள் இவை. படித்தால் தெரியாதவற்றைப் பிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 சதவீதம் பேரையும் கீழே உள்ள 27 சதவீதம் பேரையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு கூட்டத்திலும் எத்தனை பேர் சரியாகப் போட்டார்கள் என்று பார்ப்பது. 1939-இல் கெல்லி என்ற அமெரிக்க அறிஞர் அந்த 27 என்ற கணக்கைச் சொன்னார். நல்ல கேள்வி என்றால் மேல் கூட்டம் அதிகமாகச் சரி போட்டிருக்க வேண்டும். எக்செலில் போட்டுப் பார்த்தேன். எங்களிடம் இருந்த ஆட்கள் குறைவு என்பதால் சின்ன வித்தியாசங்களை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் சில கேள்விகளில் கணக்கு தலைகீழாக நின்றது. கீழ் கூட்டம் சரி, மேல் கூட்டம் தப்பு.

அதில் ஒன்று லேயர் பற்றியது. சுவர், பிளம்பிங் என்று படத்தின் பகுதிகளைத் தனித்தனிக் கண்ணாடித்தாள்களில் வரைவது போலப் பிரித்து வைப்பதுதான் லேயர். ஒரு லேயரை ஆஃப் செய்துவிட்டு, எரேஸ் கொடுத்து ஆல் என்று தட்டினால் அந்த லேயரில் உள்ளவை அழியுமா? அழியாது என்று விடை வைத்திருந்தார்கள். உண்மையில் அழியும். ஃப்ரீஸ் செய்திருந்தாலோ லாக் செய்திருந்தாலோதான் தப்பிக்கும். ஆஃப் என்பது கண்ணிலிருந்து மறைப்பது மட்டும்தான். ஒருமுறையாவது இப்படி ஒரு மாடியின் பிளம்பிங் லைன் முழுவதையும் பறிகொடுத்தவருக்கு இது ஜென்மத்துக்கும் மறக்காது. அப்படிப்பட்டவர்கள் எல்லோரும் ‘அழியும்’ என்று போட்டு மதிப்பெண்ணை இழந்திருந்தார்கள். படம் கண்ணில் படவில்லை, அதனால் அழியாது என்று ஊகித்தவர்களுக்குக் கிடைத்திருந்தது.

வேறு நாட்டுக் கேள்வித்தாள்களிலிருந்து எடுத்தவையும் இருந்தன. மேல்தோற்றத்தை முன்தோற்றத்துக்கு மேலே வைக்க வேண்டும் என்றது ஒன்று. அமெரிக்காவில் வழங்கும் மூன்றாம் கோண முறையில் அது சரி. இங்கே பாலிடெக்னிக்கிலும் ஐடிஐயிலும் சொல்லிக்கொடுப்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்பி 46 என்ற வரைபடக் கையேடு சொல்கிற முதல் கோண முறை. அதில் மேல்தோற்றம் கீழேதான் வரும். அதை நீக்கினோம்.

இப்போது அந்தச் சுவருக்கு வருகிறேன்.

செய்முறைத் தேர்வில் ஒரு வரைபடம் கொடுத்து, அதைப் பார்த்து வரையச் சொல்வார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள். வெளிச்சுவர் 230, முதல் அறை 3600, நடுவே அரைச்செங்கல் தடுப்புச் சுவர், இரண்டாவது அறை 3000, மறுபடி வெளிச்சுவர் 230. எல்லாம் மில்லிமீட்டரில். மேலே மொத்த நீளம் 7060 என்று போட்டிருந்தது. கூட்டிப் பாருங்கள். தடுப்புச் சுவரின் 115-ஐச் சேர்த்தால் 7175 வருகிறது. மொத்த அளவு எழுதியவர் அந்தச் சுவரை மறந்துவிட்டார். அகலம் 4460. கட்டட வெளிப்பரப்பு எவ்வளவு என்பது கேள்வி, விடை 31.49 சதுர மீட்டர். அறை அறையாக வரைந்து வந்தவருக்கு 32.00 வரும். அதன்பிறகு வந்த நான்கு கேள்விகளும் இதே படத்தை நம்பி நின்றவை. முதல் கேள்வி போனால் ஐந்தும் போயிற்று.

அந்தப் பெண்ணின் கோப்பைத் திறந்து பார்த்தேன். வெளிச்சுவர், அறை, தடுப்பு, அறை, வெளிச்சுவர் என்று ஆஃப்செட் கட்டளையால் இணைகோடுகள் போட்டு வரிசையாக வரைந்திருந்தார். 7175. பக்கத்திலேயே அளந்து பார்த்த அடையாளமாக மூன்று டைமென்ஷன்கள். பையனின் கோப்பில் 7060-க்கு ஒரு செவ்வகம் மட்டும் இருந்தது. உள்ளே சுவரே போடவில்லை.

படத்தின் மூலையில் வரைந்தவர் கட்டத்தில் என் எழுத்துகள் இருந்தன. அதை வரைந்தவன் நான்தான்.

திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “மேல போட்டிருக்கற அளவ நம்பறதா, உள்ள போட்டிருக்கறத நம்பறதான்னே தெரியல சார். அதுலயே இருபது நிமிஷம் போயிடுச்சு. சைட்டா இருந்தா போன் பண்ணிக் கேட்டிருப்பேன்” என்றார்.

தேர்வைத் திருத்தும் வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அந்த ஒரு வாக்கியம். சைட்டில் கேட்கலாம், தேர்வில் கேட்க முடியாது. அளவு முட்டுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் டிராஃப்ட்ஸ்மேனின் திறமை. அதைத்தான் எங்கள் தேர்வு தண்டித்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தைத் தூக்கி எறிய வேண்டாம் என்று நினைத்தேன். தவறோடு அப்படியே வைத்து, கேள்வியை மட்டும் மாற்றினோம்: ‘இந்தப் படத்தை வைத்துக் கட்டத் தொடங்குவதற்கு முன் பொறியாளரிடம் எதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்?’ மற்ற செய்முறைக் கேள்விகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்பு கொடுத்தோம். ஒன்றில் சறுக்கினால் அடுத்தது கெடக்கூடாது. அந்தக் கோப்புகளில் தசமப் புள்ளி அமைப்பையும் சரிபார்த்தோம். முன்பு விடையை இரண்டு தசம இடத்துக்குக் கேட்டுவிட்டு, முழு எண்ணை மட்டும் காட்டும்படி அமைத்த கோப்பைக் கொடுத்திருந்தார்கள்.

புதிதாக ஒரு படமும் சேர்த்தோம். புதுச்சேரியில் வைசியாள் வீதி போன்ற தமிழர் பகுதித் தெருக்களில் இருக்கிற வீட்டைப் போல ஒன்று: தெருவோரத் தாழ்வாரம், திண்ணை, உள்ளே தூண்களோடு முற்றம். பிளான் என்பது வீட்டைக் கிடைமட்டமாக வெட்டிப் பார்ப்பது. அப்படி வெட்டினால் தூண் வெட்டுப்படும், தடித்த கோடு. திண்ணை வெட்டுக்குக் கீழே கிடக்கும், மெல்லிய கோடு. தாழ்வாரக் கூரையின் விளிம்பு தலைக்கு மேலே போகும், விட்டுவிட்டு வரும் கோடு. முற்றத்துக்கு மேலே கூரையே கிடையாது. இந்த நான்கையும் புரிந்துகொண்டவருக்கு லேயரும் லைன்டைப்பும் லைன்வெயிட்டும் எதற்கு என்று தனியாகக் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

மொழிக்குத்தான் நான் நினைத்ததைவிட அதிக நாள் பிடித்தது. ஆங்கிலக் கேள்விக்குக் கீழே தமிழும் இருந்தது, தமிழ்வழியில் படித்தவர்களுக்காக. நல்ல எண்ணம். ஆனால் லேயரை ‘அடுக்கு’ என்றும், பிளாக்கை ‘தொகுதி’ என்றும், அரேயை ‘அணி’ என்றும் பெயர்த்திருந்தார்கள். திரையில் இருப்பது பிளாக், வகுப்பில் சொல்லிக்கொடுத்தது பிளாக், தேர்வில் மட்டும் தொகுதி. மாணவர்கள் தமிழை விட்டுவிட்டுத் தடுமாறித் தடுமாறி ஆங்கிலத்தைப் படித்தார்கள். தமிழில் ஒரு கேள்வி, ‘கீழ்க்கண்டவற்றுள் தவறாகாதது அல்லாதது எது?’ என்றிருந்தது. அதை நான் மூன்று முறை படித்தேன்.

கட்டளைப் பெயர்களைத் திரையில் இருக்கிறபடியே வைத்துக்கொள்வது, வாக்கியத்தைப் பேசுகிற தமிழில் நேராக எழுதுவது என்று முடிவு செய்தோம். கட்டடச் சொற்கள் சைட்டில் சொல்கிறபடி: லிண்டல், சன்ஷேடு, ஒன்பது இஞ்ச் சுவர். இங்கே ஒரு வாக்குவாதமும் வந்தது. படத்தில் 230 என்று இருக்கிறது, மேஸ்திரி ஒன்பது இஞ்ச் என்கிறார், கேள்வியில் எது? படத்தில் மில்லிமீட்டர்தான் என்று நின்றேன். ஆனால் மேஸ்திரி சொல்கிற நாலரை இஞ்ச் சுவரைப் படத்தில் எவ்வளவு என்று போடுவீர்கள் என்று ஒரு கேள்வியும் வைத்தோம். 115 என்று உடனே சொல்லத் தெரியாதவர் அந்த வேலையில் ஒரு நாள்கூட நிற்க முடியாது.

கடைசியாகத் தேர்ச்சி மதிப்பெண். 70 என்று வைத்திருந்தார்கள். ஏன் 70 என்று கேட்டேன், பதில் இல்லை. 1971-இல் ஆங்காஃப் என்பவர் எழுதிய ஒரு முறை இருக்கிறது. துறை தெரிந்த சிலர் உட்கார்ந்து, ‘தகுதியின் விளிம்பில், ஆனால் உள்ளே நிற்கிற ஒருவர்’ இந்தக் கேள்வியைச் சரியாகப் போட எவ்வளவு வாய்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பிட்டுக் கூட்டுவது. ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர், ஒரு சைட் பொறியாளர், பதினைந்து வருடம் வரைந்த ஒரு அம்மா, நான். அந்த ‘விளிம்பு ஆள்’ யார் என்பதை ஒத்துக்கொள்ளவே ஒரு மதியம் ஆனது. பொறியாளர், தன் சைட்டில் தனியாக விடக்கூடியவர் என்றார். அந்த அம்மா மறுத்தார்: “மொதல் வேலைக்கு வர்ற புள்ளய யாருங்க தனியா விடுவாங்க? தப்புன்னா தப்புன்னு தெரிஞ்சு வந்து கேக்கணும். அது போதும்.” அதையே வைத்துக்கொண்டோம். கூட்டினால் 62 வந்தது. தரம் குறைந்துவிடும் என்று மையத்தில் பயந்தார்கள். தவறான கேள்விகளோடு கூடிய 70-ஐவிட இந்த 62 கடினமானது என்று விளக்கி ஒத்துக்கொள்ள வைத்தேன்.

பிறகு, தவறான விடைகளை நீக்கிவிட்டுப் பழைய கோப்புகளை மறுபடி திருத்தச் சொல்லிக் கேட்டேன். இதற்குத் தயங்கினார்கள், ஆனால் செய்தார்கள். அந்தப் பெண் உட்படப் பதினோரு பேர் தேறியவர்களாக வந்தார்கள். அவர் அதற்குள் சென்னையில் வேறு வேலைக்குப் போயிருந்தார். சான்றிதழைக் கூரியரில் அனுப்பினேன். மற்றவர்களுக்கும் போன் போட்டோம். ஒருவர் டிராஃப்டிங்கையே விட்டுவிட்டு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறார். “இப்ப எதுக்கு சார்” என்றார், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிப் போனார். மூன்று பேருடைய எண்கள் இப்போது இல்லை. அவர்கள் கொடுத்திருந்த முகவரிக்கு எழுதியிருக்கிறோம்.