சுவர் கக்கும் தண்ணீர்: வெண்டெல்ஷ்டைன் 7-எக்ஸின் முதல் ஓட்டம்

2016 பிப்ரவரி 3 அன்று ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில், அணுக்கரு இணைவு ஆய்வுக்கான வெண்டெல்ஷ்டைன் 7-எக்ஸ் இயந்திரத்தில், அப்போதைய சான்சலர் ஏஞ்சலா மெர்க்கல் பொத்தானை அழுத்தினார். ஹைட்ரஜன் பிளாஸ்மா (எலக்ட்ரானும் அயனியுமாகப் பிரிந்த சூடான வாயு) கால் விநாடி நின்றது, எட்டுக் கோடி டிகிரி. செய்திக்கு அது போதும். இயந்திரத்துக்கு அதைவிட முக்கியமான வேலைகள் முன்பே நடந்திருந்தன.

இந்த இயந்திரம் ஸ்டெல்லரேட்டர் வகை. அதில் பிளாஸ்மாவைப் பிடித்துவைக்கும் கூண்டு முழுக்கக் காந்தச் சுருள்களால் ஆனது. மீக்கடத்தியான (கடுங்குளிரில் மின்தடையே இல்லாத) நயோபியம்-டைட்டானியத்தில் 50 முறுக்கிய சுருள், 20 தட்டைச் சுருள், எல்லாம் 4 கெல்வின் (சுமார் −269 டிகிரி செல்சியஸ்) அருகே. ஒன்று நகர்ந்திருந்தாலும் கூண்டில் ஓட்டை விழும். அதனால் பிளாஸ்மாவுக்கு முன்பே, வெற்றிடத்தில் மெல்லிய எலக்ட்ரான் கற்றையைக் காந்தப் புலக்கோட்டின் வழியே சுற்றவிட்டார்கள். ஒளிரும் பூச்சுள்ள கம்பி ஒன்று குறுக்கே மெதுவாக நகரும். கற்றை படும் இடமெல்லாம் பொட்டாக மின்னும். கேமராவைத் திறந்தே வைத்தால் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்கான வளையங்கள் பதியும். புலத்தின் பிழை லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. என்னைக் கேட்டால் அந்த ஓட்டத்தின் பெரிய சாதனை இதுதான்.

2015 டிசம்பர் 10-இல் முதல் பிளாஸ்மா: ஒரு மில்லிகிராம் ஹீலியம், 1.8 மெகாவாட் மைக்ரோவேவ், பத்தில் ஒரு விநாடி. ஏன் ஹீலியம்? சுவரைக் கழுவத்தான். சூடு பட்டதும் சுவரில் ஒட்டியிருக்கும் தண்ணீரும் கார்பன் மோனாக்சைடும் கிளம்பி உள்ளே வரும். ஆக்சிஜனும் கார்பனும் ஆற்றலை ஒளியாகக் கொட்டிவிட, பிளாஸ்மா அணைந்துபோகும். வழக்கமான ஒளிர் மின்னிறக்கச் சுத்திகரிப்புக்கு (மெல்லிய வாயுவில் மின்சாரம் பாய்ச்சிச் சுவரைத் துடைப்பது) காந்தப் புலத்தை அணைக்க வேண்டும். மீக்கடத்திச் சுருளையோ ஏற்றினால் நாள் முழுக்க அப்படியே வைத்திருப்பார்கள், ஒவ்வொரு ஷாட்டுக்கும் (ஒருமுறை பிளாஸ்மா மூட்டுவதற்கும்) இறக்கி ஏற்ற முடியாது. ஆகவே குட்டிக் குட்டி ஹீலியம் ஷாட்டுகளாலேயே தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தார்கள்.

காந்தப் புலம் 2.5 டெஸ்லா என்பதும் சும்மா எடுத்த எண் அல்ல. அந்தப் புலத்தில் எலக்ட்ரான் புலக்கோட்டைச் சுற்றும் அதிர்வெண் 70 கிகாஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 140, மைக்ரோவேவை உண்டாக்கும் ஜைரோட்ரான் கருவி தரும் அதிர்வெண். அந்த அலை எலக்ட்ரானை மட்டுமே சூடாக்கும், அயனிகள் மோதலில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அடர்த்தி குறைவென்றால் மோதலும் குறைவு. அந்த எட்டுக் கோடி டிகிரி எலக்ட்ரான்களின் வெப்பநிலை. அயனிகள் அதில் கால்வாசியைச் சுற்றியே நின்றன.

பிளாஸ்மா விளிம்பின் வெப்பத்தையும் கழிவையும் வாங்கும் டைவர்ட்டர் அப்போது இன்னும் பொருத்தவில்லை. குளிர்விப்பு இல்லாத ஐந்து கிராஃபைட் லிமிட்டர்தான் (பிளாஸ்மா விளிம்பைத் தடுக்கும் கட்டைகள்) வெப்பம் தாங்கியது. ஆகவே ஒரு ஷாட்டுக்கு முதலில் 2 மெகாஜூல், பிறகு 4 என்று உச்சவரம்பு. மைக்ரோவேவை 0.6 மெகாவாட்டுக்கு இறக்கியபோது ஆறு விநாடி வரை ஓடியது.