இருமாதீங்கோ ரீச்சர்

சிறுநீரகக் கல்லுக்கு எடுத்த ஸ்கானில்தான் அது அகப்பட்டது. வயிற்றுப் படத்தின் மேல் ஓரத்தில் வலது நுரையீரலின் அடிப்பகுதியும் கொஞ்சம் விழுந்திருந்தது. அதற்குள் 7 மில்லிமீற்றரில் ஒரு வெள்ளைப் புள்ளி. கல் தானாகவே போய்விட்டது, புள்ளி போகவில்லை. ஆறு மாதம் கழித்து நெஞ்சை ஸ்கான் செய்தபோது 10. விட்டம் 7இலிருந்து 10 ஆனால் கனவளவு ஏறக்குறைய மூன்று மடங்கு. கணக்கு ரீச்சர் என்பதால் அன்றிரவே அதைப் போட்டுப் பார்த்தேன். போடாமல் இருந்திருக்கலாம்.

3 சென்ரிமீற்றருக்கு உட்பட்டதை நொடியூல் என்கிறார்கள். சின்னவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லையாம். ஆனால் வளர்கிற ஒன்றைச் சும்மா விட மாட்டார்கள். இவ்வளவு சின்னதில் ஊசியால் துண்டெடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று வந்தாலும் முழுதாக நம்ப முடியாது. அதனால் எடுத்தே பார்த்துவிடுவோம் என்றார் டொக்டர். விலா எலும்புகளுக்கிடையில் சின்னத் துளைகள் போட்டு, கமெராவால் பார்த்துச் செய்கிற சத்திரசிகிச்சை. சரி என்றேன். “அதுக்கு முதல், காலமை ஸ்கான் அறையில வைச்சு, புள்ளிக்கு அடையாளமா ஒரு கம்பி போடுவம்” என்றபோதுதான் எனக்கு எரிச்சல் வந்தது. படத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, பிறகு எதற்குக் கம்பி?

விளங்கவைத்தது பாண்தான். ஸ்கான் எடுக்கும்போது நுரையீரல் காற்று நிறைந்து விரிந்திருக்கிறது. தியேட்டரில் அந்தப் பக்கத்து நுரையீரலின் காற்றை வெளியே விட்டுச் சுருக்கிவிடுவார்கள், மற்றதுதான் மூச்சுவிடும். அப்படிச் சுருக்கினால்தான் கமெராவுக்கு இடம் கிடைக்கும். வீட்டுக்கு வந்து ஒரு கடலையைப் பாணின் நடுவே செருகி, கையால் அமத்தி, அப்பாவிடம் நீட்டினேன். தடவிக் கண்டுபிடித்துவிட்டார். “இந்தக் கை உள்ளுக்குப் போகாது அப்பா, ஒரு விரல்தான் போகும்” என்றேன். ஒற்றை விரலால் கொஞ்ச நேரம் குத்திப் பார்த்துவிட்டு, பாணை என்னிடமே தந்துவிட்டார். கடலையாவது கெட்டி. சில நொடியூல்கள் ஸ்கானில் ஊதிய கண்ணாடி மாதிரி மங்கலாகத்தான் தெரியும். அவற்றைத் தொட்டாலும் நுரையீரலிலிருந்து வேறுபாடு தெரியாதாம்.

அப்பா திருகோணமலை டச்சுக்குடாவிலிருந்து மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். ஜிபிஎஸ் இல்லாத காலம். கோணேசர் மலையும் கரையில் ஒரு மரமும் எந்தக் கோட்டில் வந்தால் கடலடியில் எந்தப் பாருக்கு, அதாவது எந்தப் பாறைத் திட்டுக்கு மேல் நிற்கிறோம் என்று இப்போதும் சொல்வார். டொக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, “மலை அசையாது பிள்ளை. உன்ர கேசில கரையே சுருங்குதெல்லோ” என்றார். ஒரு மாதமாக நான் படித்ததெல்லாம் அந்த ஒரு வரிக்குள் வந்துவிட்டது.

கம்பிக்குப் பதிலாக வேறு வழிகளும் இருக்கின்றன. மெதிலீன் நீலச் சாயத்தை அந்த இடத்தில் ஊசியால் விடலாம். நேரம் போகப் போக அது பரவிவிடும், புகையால் கறுத்த நுரையீரலில் நீலம் எடுபடுவதும் கஷ்டம். உலோகச் சுருளை வைத்துவிட்டு, தியேட்டரில் எக்ஸ்ரேயில் பார்த்துப் பிடிக்கலாம். அகச்சிவப்புக் கமெராவில் ஒளிரும் பச்சைச் சாயமும் இருக்கிறது. நான் போன இடத்தில் இருந்தது கொக்கிக் கம்பி.

இரவு ரயிலில் கொழும்புக்குப் போனோம். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அன்று காலை ஸ்கான் மேசையில் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் விறைப்பு ஊசி போட்டார்கள். “மூச்சை இழுங்கோ... பிடிச்சிருங்கோ.” ஊசி கொஞ்சம் போகும், படம் எடுப்பார்கள், திருத்துவார்கள், மறுபடி மூச்சு. கடைசியில் ஊசிக்குள்ளால் கம்பியை விட்டு ஊசியை உருவியதும், நுனியில் கொக்கி விரிந்து பிடித்துக்கொண்டது. வெளியே மிஞ்சிய கம்பியை வளைத்து, மேலே ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து பிளாஸ்டர் ஒட்டினார்கள். நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்றுக் கசிந்திருந்தது. அது பலருக்கு நடப்பதுதானாம். “இருமாதீங்கோ ரீச்சர்” என்றார் நேர்ஸ்.

இருமாதே என்று சொன்னால் யாருக்குத்தான் இருமல் வராது? நேரே தியேட்டருக்கு என்று சொல்லியிருந்தார்கள். முதல் கேஸ் நீண்டதால் நடைபாதையில் ட்ரொலியிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தேன். கம்பி போட்டால் தாமதிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அன்று யாரும் யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

கம்பி விலகித்தான் இருந்தது. நுரையீரல் சுருங்கி நெஞ்சுச் சுவரை விட்டு விலகியபோது, கம்பி சுவரோடேயே நின்றுவிட்டது. ஆனால் அது துளைத்த இடத்தில் இரத்தம் கன்றி ஊதா நிறத்தில் ஒரு பொட்டு இருந்ததாம். டொக்டர் அதைச் சுற்றி விரலை வைத்துத் தடவிப் பிடித்து, ஸ்டேப்ளரால் ஆப்பு வடிவத் துண்டாக வெட்டி எடுத்திருக்கிறார். நான் மயக்கத்தில் இருக்கும்போதே துண்டு ஆய்வுகூடத்துக்குப் போய், “புற்றுநோய் இல்லை, கிரனுலோமா” என்று பதில் வந்துவிட்டது. கிருமியைச் சுற்றி உடம்பு கட்டிய சின்ன முடிச்சு. காசநோய்க் கிருமியின் வேலை என்று பிறகு தெரிந்தது. பெரிய வெட்டுக்குத் தேவை வரவில்லை. பக்கத்தில் குழாய் மாட்டிய போத்தலில் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இரண்டு நாள் கிடந்தேன்.

கம்பி கழன்ற கதையைக் கேட்ட அப்பாவுக்கு ஆச்சரியமே இல்லை. மிதவை அறுந்தால் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத்தானே தேடுவார்களாம்.

இப்போது ஆறு மாத மாத்திரை. இங்கே மார்புக் கிளினிக்கில் தருகிறார்கள், சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது. போன கிழமை சாதாரண தர வகுப்புக்குக் கோளத்தின் கனவளவு எடுத்தேன். கரும்பலகையில் 7, 10 என்று இரண்டு விட்டம் எழுதினேன். “ரீச்சர், இது என்ன கோளம்?” என்று ஒரு பெடியன் கேட்டான். கடலை என்றேன்.