மீன் வெட்டி விற்கும் பெண்களுக்குச் சொக்சோ: பினாங்கில் விண்ணப்பப் பாரம் நிரப்பியபோது தெரிந்தவை

கணவர் பெயரில் மீன்பிடி உரிமம் இருந்தால் மாதம் 300 ரிங்கிட் மீனவர் உதவித்தொகைக்கு வழியுண்டு. அவர் கொண்டுவரும் மீனைச் செதில் தேய்த்து, வெட்டி, கருவாடு போட்டுப் பாசாரில் (சந்தையில்) விற்கும் மனைவிக்கு உரிமமும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. தெலுக் பஹாங், பத்து மாவுங் பக்கத்துப் பெண்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் ஐசியை (அடையாள அட்டையை) வைத்து, உங்கள் பெயரிலேயே மலேசியாவின் சமூகக் காப்பு நிறுவனமான சொக்சோவில் பதிய முடியும்.

இரண்டு திட்டங்கள் உண்டு. பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். 2022 டிசம்பரில் வந்த இல்லத்தரசிகள் திட்டத்துக்கு ஆண்டுக்கு 120 ரிங்கிட். 55 வயதுக்குள் சேர வேண்டும். வீட்டு வேலையில் நேரும் விபத்துக்கும் உடல் முடியாமைக்கும் அது உதவும். ஆனால் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) நாட்களுக்குப் பணம் தராது. விற்பனைக்கு மீன் வெட்டும்போது கத்தி பட்டால் அதை வீட்டு விபத்து என்று காட்டவும் முடியாது. அதற்குத்தான் சுயதொழில் திட்டம். 2017ல் டாக்சி ஓட்டுநர்களுக்காகத் தொடங்கியது, 2020லிருந்து மீன்வளம், உணவு, அங்காடி வியாபாரம் எனப் பல துறைகளுக்கும் விரிந்தது.

இதில் ஆகச் சிறிய சந்தா ஆண்டுக்கு 157.20 ரிங்கிட். டாக்டர் எம்சி கொடுத்த நாட்களுக்கு ஒரு நாளுக்கு 30 ரிங்கிட் கிடைக்கும். அடுத்த நிலை 232.80, அதற்கு நாளுக்கு 41.33. திருக்கை முள்ளோ கெளுத்தி முள்ளோ ஏறிப் புண் வீங்கினால் பத்து நாள் கையை ஈரத்தில் வைக்க முடியாது. அந்தப் பத்து நாளுக்கு முதல் நிலையில் 300, இரண்டாவதில் 413 ரிங்கிட். முடிந்தவர்கள் இரண்டாவதையே எடுங்கள் என்போம். சில ஆண்டுகளில் அரசாங்கமே சந்தாவில் பெரும்பங்கை ஏற்றிருக்கிறது. அதனால் பணம் கட்டுமுன் இந்த ஆண்டு சலுகை உண்டா என்று கவுண்டரில் கேட்டுவிட வேண்டும்.

பாரத்தில் இடறுவது துறைப் பெயரில்தான். "சூரி ரூமா" (மலாயில் இல்லத்தரசி) என்று எழுதிவிட்டால் பிறகு மீன் வேலையில் பட்ட காயத்துக்குக் கேட்பது சிக்கல். என்ன வேலை செய்கிறோமோ அதைச் சொல்லி, எந்தத் துறையில் பதிகிறார்கள் என்று ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். நெடுநாள் தொடாத கணக்கு முடங்கியிருக்கும், முதலில் அதைத் திறந்துவிடுங்கள்.

காயத்துக்குப் பணம் கேட்கும் கோரிக்கை நிற்பதும் விழுவதும் கிளினிக்கில் சொல்லும் முதல் வார்த்தையில். "கை வெட்டிக்கொண்டேன்" என்றால் டாக்டர் அவ்வளவுதான் எழுதுவார். "விற்க மீன் வெட்டும்போது" என்று இடம், நேரத்தோடு சொல்லுங்கள். எம்சி நான்கு நாளுக்குக் குறைந்தால் பணம் இல்லை. படகுத்துறையில் மீன் வாங்கிய சீட்டு, பாசார் லைசென்ஸ், கணக்கு நோட்டு, வேலை செய்யும் பலகையின் படம் எல்லாம் சான்றுதான். சீட்டே தராத இடத்தில் தேதி, மீன், எடை, விலை மட்டும் தினமும் நோட்டில் எழுதினால் போதும்.

சந்தா 12 மாதத்துக்கும் முன்பணம். முடியும் தேதியை அடுப்படிக் காலண்டரில் வட்டமிடுங்கள். தேதி தாண்டிய பின் பட்ட காயத்துக்கு எதுவும் கிடைக்காது. வியாபாரம் நன்றாக நடக்கும் மாதத்தில் பதிந்தால் மறு ஆண்டும் அதே மாதத்தில், கையில் காசு இருக்கும்போதே கட்டலாம்.