வெட்டி எடுத்த பின் மீண்டும் வளர்ந்த தழும்பு

கல்லூரி இறுதியாண்டில் என் நெஞ்சின் நடுவே வந்த பரு ஒன்று பழுத்து உடைந்து ஆறியது. பரு மிளகளவே இருந்தது. ஆனால் அது ஆறிய இடத்தில் சில மாதங்களில் கெட்டியான மேடு ஒன்று எழும்பி, ஓராண்டுக்குள் புளியங்கொட்டை அளவுக்குப் பெருத்துவிட்டது. பகலில் துணி உரசினால் சுருக்கென்று வலிக்கும். இரவில் அரிப்பு தூங்க விடாது. கற்றாழை, தேங்காய் எண்ணெய், எலுமிச்சைச் சாறு என்று பலரும் சொன்னதையெல்லாம் தடவிப் பார்த்ததில், எலுமிச்சையால் சுற்றியிருந்த நல்ல தோலும் எரிந்து கறுத்ததுதான் மிச்சம்.

பிறகு ஒரு சிகிச்சையகத்தில் அதை வெட்டி எடுத்துத் தையல் போட்டார்கள். வெட்டிய பிறகு வேறு சிகிச்சை தொடர வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நான்கே மாதங்களில் தழும்பு முன்பைவிட நீளமாக வளர்ந்ததோடு, தையல் ஊசி நுழைந்த துளைகளிலும் சிறு சிறு முடிச்சுகள் எழும்பின. கண்ணாடி முன் நின்று நான் அழுத நாட்கள் அவை.

அடுத்துப் பார்த்த தோல் மருத்துவர், முதலில் வந்த பரு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று கேட்டார். காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்கும் தழும்பு பெரும்பாலும் நாளடைவில் தானே தணியும் என்றும், எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் பரவுவது கீலாய்டு என்றும் விளக்கினார். காயத்தை மூட உடல் உற்பத்தி செய்யும் கொலாஜன் என்னும் புரதம், வேலை முடிந்த பிறகும் நிற்காமல் குவிவதால் வருவது இது, நெஞ்சு, தோள், காது மடல் ஆகியவை இதற்கு வாகான இடங்கள், கருத்த நிறத்தவர்களிடம் அதிகம் காணப்படும், குடும்பவழியாகவும் வரக்கூடும். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்று அவர் சொன்னபோது, என் நெஞ்சில் இருந்ததற்கு அது மிகவும் பொருந்துவதாகவே எனக்குப் பட்டது. வெறுமனே வெட்டினால் அதுவும் புதுக்காயம்தான் என்பதால், மீண்டும் வளரும் வாய்ப்பு மிக அதிகமாம்.

நான்கு வாரங்களுக்கு ஒருமுறை டிரையம்சினோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைத் தழும்புக்குள்ளேயே ஊசியாகச் செலுத்தினார்கள். முதல் இரண்டு ஊசிகளின் வலியை என்னால் மறக்க முடியாது. திசு கல்லைப் போல இறுகியிருந்ததால் மருந்து உள்ளே இறங்கவே மறுத்தது. மூன்றாவது ஊசிக்குப் பின் அரிப்பு அடங்கியது. அதன் பிறகு மேடு மெல்ல இளகியது. இடையில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது தழும்பின் மேல் சிலிக்கோன் ஷீட்டை, அதாவது ரப்பர் போன்ற மெல்லிய ஒட்டுப்படலத்தை, ஒட்டியிருக்க வேண்டும். சித்திரை வெயிலில் வியர்வைக்கு அது நிற்காது. அதனால் இரவிலும் அதிகாலையிலும் ஒட்டிக்கொண்டு, கழற்றியதும் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து மறுபடி பயன்படுத்தினேன். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் செய்யத் தகுந்த வேலை.

எட்டு ஊசிகளுக்குப் பிறகு மேடு தட்டையாகிவிட்டது. மருந்தின் பக்கவிளைவாக அந்த இடத்துத் தோல் மெலிந்து வெளுத்திருக்கிறது. உற்றுப் பார்த்தால் மெல்லிய இரத்த நாளங்களும் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை. மீண்டும் தடிக்கத் தொடங்கினால் உடனே வரச் சொல்லியிருப்பதால், மாதம் ஒருமுறை அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்து ஒப்பிடுகிறேன். காதில் இரண்டாவது துளை போட ஆசைப்பட்ட என் தங்கையையும், முதலில் அதே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.