மேல்நிலைப் பயிற்சியை வடிவமைப்பது: இதே திட்டப்பணியை எடுப்பவர்களுக்கு

பயிற்சி வடிவமைப்புப் படிப்பின் இறுதித் திட்டப்பணிக்கு அமெரிக்காவின் பாதுகாப்பு ஒத்துழைப்புப் பணியாளர்களுக்கான (நட்பு நாடுகளுக்கு ஆயுத விற்பனை, ராணுவ உதவி, பயிற்சி ஆகியவற்றைக் கவனிப்பவர்கள்) மேல்நிலைப் பயிற்சியை எடுத்துக்கொண்டேன். ராணுவ அதிகாரிகளும் சிவில் அலுவலர்களும் ஒரே வகுப்பில் உட்காரும் பயிற்சி அது.

சட்டப் பின்னணியைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். 1961இன் வெளிநாட்டு உதவிச் சட்டம், 1976இன் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2016 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்பு அங்கீகாரச் சட்டம் (ராணுவத் திட்டங்களுக்கு ஆண்டுதோறும் அனுமதி தரும் சட்டம்) ஆகியவை தெரிந்தால் தொடங்கிவிடலாம். இந்தப் பணியாளர்களை முறையாக வளர்க்கத் தனித் திட்டம் வேண்டும் என்றது மூன்றாவது சட்டம்தான். விதிகளை ஒப்பிக்க வைப்பது அடிப்படை வகுப்பின் வேலை. மேல்நிலை வகுப்புக்கு வருபவருக்கு அவை ஏற்கெனவே தெரியும். ஒரு விதி இன்னொன்றோடு முட்டும்போது என்ன செய்வது என்பதில்தான் தடுமாறுவார். அதனால் பாடத்தலைப்புகளை விட்டுவிட்டு, பணியிடத்தில் அவர் எடுக்கவேண்டிய முடிவுகளிலிருந்து தொடங்குங்கள்.

நான் வைத்த பயிற்சிச் சூழல் இது: கற்பனையான நட்பு நாடு ஒன்று கடலோர ரோந்துப் படகுகள் கேட்கிறது. ஓர் அரசு இன்னோர் அரசுக்கு நேரடியாக விற்கும் அரசுவழி விற்பனையாகத் தருவதா, அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 10ஆம் தலைப்பில் உள்ள 333ஆம் பிரிவின்கீழ் திறன் வளர்ப்பு உதவியாகத் தருவதா? உதிரிபாகம், மாலுமிப் பயிற்சி, பராமரிப்பு யார் பொறுப்பு? குழு ஒருவழியாக முடிவுக்கு வரும் நேரத்தில், படகைப் பெறவிருக்கும் படைப்பிரிவின் மீது கடுமையான மனித உரிமை மீறல் புகார் வந்து சேர்கிறது. புகார் நம்பத்தகுந்ததாக இருந்தால், அத்தகைய படைப்பிரிவுகளுக்கு அமெரிக்க உதவி தருவதைத் தடுக்கும் லீஹி சட்டம் உதவி வழிக்குக் குறுக்கே நிற்கும். அதோடு, தூதரகத்தில் இருக்கும் பாதுகாப்பு ஒத்துழைப்பு அதிகாரிக்கு இரண்டு எஜமானர்கள்: தூதர் ஒருவர், அந்த உலகப் பகுதியின் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கும் போர்க்கட்டளைத் தளபதி இன்னொருவர். இருவரும் வெவ்வேறு அவசரத்தில் இருப்பதாக எழுதுங்கள். வகுப்பு சூடுபிடிப்பது அங்கேதான்.

குழுவில் பாத்திரங்களை மாற்றிக் கொடுங்கள். கர்னல் தூதரக அரசியல் அலுவலராகப் பேசட்டும், சிவில் அலுவலர் தளபதியின் பிரதிநிதியாக வாதாடட்டும். ராணுவத்தினர் சில ஆண்டுகளில் இடம் மாறிவிடுவார்கள், சிவில் அலுவலர்கள் பெரும்பாலும் நீண்டகாலம் நீடிப்பார்கள். பழைய ஒப்பந்தங்களின் நினைவு யாரிடம் இருக்கிறது என்பதும் தானாக வெளிப்படும்.

மதிப்பீட்டுக்குக் கொள்குறி வினா வேண்டாம். தூதருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள், சுருக்கக் குறியீடுகள் இல்லாமல் (இந்தத் துறையில் அது பெரிய தண்டனை!). மதிப்பெண் அளவுகோலை ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். எது நடக்காது என்று அவரே சொல்லிவிடுவார்.